விலாங்கு இருந்த கிணறு

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டது பேனாவால். கலியாணம் முடித்த நாலாம் மாதம், திருகோணமலையிலிருந்து யாழ்ப்பாணத்தில் இருந்த மனைவிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். வெயில், வேலை, சாப்பாடு எல்லாவற்றையும் முதற் பக்கத்திலேயே எழுதி முடித்துவிட்டேன். மற்றப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. அப்படியே அனுப்ப மனமில்லாமல், 'எங்கள் வீட்டுக் கிணற்றுக்குள் ஒரு விலாங்கு இருக்கிறது. ஒரு கை நீளம் வரும். பின்னேரத்தில் சோறு போட்டால் மேலே வருகிறது' என்று எழுதி நிரப்பினேன்.

பத்து நாளில் பதில் வந்தது. கிணற்றுக்குள் பாம்பு மாதிரி ஒன்று நெளிந்துகொண்டிருக்க, அந்தத் தண்ணீரில் தான் எப்படி முகம் கழுவுவது, எப்படி உலை வைப்பது என்று கேட்டிருந்தாள். 'முதலில் அதை அப்புறப்படுத்திவிட்டு எழுதுங்கள். பிறகு நான் இடமாற்றத்துக்கு விண்ணப்பிக்கிறேன்' என்று முடித்திருந்தாள்.

அவள் பள்ளிக்கூட ஆசிரியை. நான் துறைமுகத்தில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞன். சாதகம் பார்த்து, இரண்டு வீட்டாரும் பேசி முடித்த கலியாணம். என் லீவு முடியும்வரை பதினொரு நாள் ஒரே வீட்டில் இருந்தோம். அதிலும் நாலு நாள் விருந்துச் சாப்பாட்டுக்கு ஊர் சுற்றியதில் போய்விட்டது. திருகோணமலைக்கு வந்து யோசித்துப் பார்த்தால் அவளுடைய குரல் சரியாக ஞாபகம் வரவில்லை. கையெழுத்துத்தான் ஞாபகம் வந்தது. எனக்கு யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கிடைக்க வழியே இல்லை. திருகோணமலைப் பள்ளிக்கூடங்களிலோ ஆசிரியர் இடங்கள் காலியாகக் கிடந்தன. அவள் ஒரு விண்ணப்பம் எழுதிப் போட்டால் போதும். நாங்கள் இருவரும் ஒரு கூரையின் கீழ் வாழ்வதா இல்லையா என்பது கடைசியில் ஒரு விலாங்கில் வந்து நின்றது.

வீடு ஓர்ஸ் ஹில்லில் இருந்து உள்துறைமுகப் பக்கம் இறங்கும் சரிவில் இருந்தது. இரண்டு அறை, ஒரு குசினி, முன்னுக்குச் சின்ன விறாந்தை. வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போய்ச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. சரிவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. வாடகைக்கு எடுத்த கையோடு நான் உட்கார இரண்டு கதிரை, சாப்பிட இரண்டு பீங்கான், இரண்டு தலையணை வாங்கிப்போட்டேன். ஒரு வருஷத்துக்குப் பிறகும் ஒரு பீங்கானில்தான் கீறல் விழுந்திருந்தது. கந்தோரில் ஆட்கள் இருந்தார்கள், கதை இருந்தது, கப்பல் வந்தால் தலை நிமிர நேரம் இருக்காது. ஆனால் நாலரை மணிக்குப் பிறகு என்னோடு பேச ஒரு சீவன் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாரந்தூக்கிகளின் இரைச்சலும் நின்றுவிடும். அந்த நாட்களில் சனிக்கிழமை கதைத்த கதைக்குப் பிறகு திங்கட்கிழமைதான் என் வாய் திறக்கும். எனக்குத் தனிமை பொறுக்கவில்லை. இதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கம் இல்லை. அப்போது இருந்தது.

அதனால்தான் விலாங்கோடு கதைக்கத் தொடங்கினேன் என்று நினைக்கிறேன். கிணறு வீட்டுக்குப் பின்னால் இருந்தது. ஆழம் குறைவு. அடி முழுக்கக் கருங்கல். கந்தோரால் வந்து சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, மீன் துண்டு பிசைந்த ஒரு பிடி சோற்றோடு கிணற்றுக் கட்டில் குந்துவேன். சோறு தண்ணீரில் விழுந்து கொஞ்ச நேரத்தில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலிருந்து அந்தத் தலை வரும். தலையில் குறுக்காக ஒரு வெள்ளைத் தழும்பு. "என்ன, இண்டைக்குப் பசியில்லையோ?" என்று கேட்பேன். அது பதில் சொல்லாது. ஆனால் நான் கேட்ட இடத்தில் நிற்கும். கந்தோரில் அந்த மரியாதை கூட எனக்கு எல்லாரிடமும் கிடைத்ததில்லை.

கிணறு எனக்கு மட்டும் சொந்தமானதல்ல. கீழ்வீட்டில் கிண்ணியாக்காரர் ஒருவர் இருந்தார். துறைமுக லாஞ்சியில் கயிறு பிடிக்கும் வேலை, ஞாயிறு என்றும் பாராமல் அநேகமாக இருட்டின பிறகுதான் வருவார். அவரும் அந்தக் கிணற்றில்தான் அள்ளினார். வயது என்னைவிட நாலைந்துதான் கூட இருக்கும். நான் அவரை அண்ணன் முறையில் காக்கா என்பேன், அவர் என்னைக் கிளாக்கர் என்பார். அவருடைய குடும்பம் கிண்ணியாவில். வெள்ளிக்கிழமை தவறாமல் துறை கடந்து வீட்டுக்குப் போய், சனிக்கிழமை மாலையில் சட்டையில் வறுத்த மாசிக் கருவாடு மணக்கத் திரும்பி வருவார். அந்த மணம் வரும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் காரணம் இல்லாமல் எரிச்சல் வரும்.

மனைவி எழுதியதை அவரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"அது மீன்தானே கிளாக்கர்? மீனுக்கு ஆரும் பயப்புடுறதா?"

"அவ பாம்பெண்டு நினைக்கிறா காக்கா. கண்டதில்லை, அதுதான்."

"கிணத்துல விலாங்கு கிடந்தாத் தண்ணி நல்லாயிரிக்கும். புழு பூச்சி ஒண்டும் மிஞ்சாது. நாங்க கிணறு இறைச்சாலும் அதைப் பழைய தண்ணியோட ஒரு பானையில எடுத்து வெச்சி, புதுத்தண்ணி ஊறினதும் முதல்ல அதைத்தான் உள்ள விடுவோம். பிறகுதான் மனிசர் அள்ளுற."

"அதெல்லாம் சரி. எனக்கு மனிசி வரவேணும்."

அதைக் கேட்டதும் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "அப்ப பிடிப்போம்" என்றார்.

பிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. அது என்னை நம்பியிருந்தது. வாளிக்குள் சோற்றைப் போட்டுத் தாழ்த்தினேன், உள்ளே வந்தது, தூக்கினேன். மண்ணெண்ணெய்த் தகரத்தில் விட்டு மேலே சாக்கைப் போட்டுக் கட்டினேன். எங்கே கொண்டுபோய் விடுவது என்று தெரியவில்லை. கொல்ல மனம் வரவில்லை. கடலில் விட்டால் உப்பில் செத்துப்போகும் என்று நினைத்தேன். காக்காதான் சரிவின் அடியில் இருக்கிற பொந்துக்குக் கூட்டிப்போனார்.

கடல் கொஞ்சம் வற்றியிருக்கிற நேரத்தில் மட்டும் அந்தப் பொந்தின் வாய் தெரியும். குனிந்துதான் போகலாம். உள்ளே போனால் நிமிர்ந்து நிற்கிற அளவுக்கு இடம் இருந்தது. வெளியே வெயில் கொளுத்த, அங்கே காலில் பட்ட தண்ணீர் சில்லென்று இருந்தது. குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். மேல் தண்ணீர் நல்ல தண்ணீர். கையை ஆழமாக விட்டு அள்ளினால் உப்பு. பின்பக்கக் கல்லில் ஒரு வெடிப்பு. அதற்குள்ளிருந்து தண்ணீர் சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது.

"இது உங்கட கிணத்துத் தண்ணிதான். மலையில இரிந்து நிலத்துக்குள்ளால வந்து இதால கடலுக்குப் போற. கிணறு நடுவுல ஒரு யன்னல் மாதிரி. விலாங்கும் இந்த வழியாலதான் குஞ்சில ஏறி வந்திரிக்கும்" என்றார் காக்கா.

நான் நம்பவில்லை. கிணறும் தண்ணீரும் பற்றி யாழ்ப்பாணத்தானுக்கு இன்னொருவர் சொல்லித்தரத் தேவையில்லை என்ற எண்ணம் எனக்கு. எங்கள் ஊரில் ஆறு இல்லை, குளம் பெரிதாக இல்லை. நிலத்துக்குள் இருக்கிற தண்ணீரை நம்பித்தான் சீவியம். இந்தக் கருங்கல்லுக்குள்ளால் தண்ணீர் ஓடுவதாவது, அதற்குள் விலாங்கு ஏறுவதாவது என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு தகரத்தைச் சரித்தேன். அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெடிப்புப் பக்கம் போய் மறைந்தது. அன்றைக்கே கடிதம் எழுதினேன். அவளிடமிருந்து, விண்ணப்பப் படிவம் எடுத்து வைத்திருப்பதாகப் பதில் வந்தது.

அதைக் கொண்டுபோய் விட்ட ஒன்பதாம் நாள் பின்னேரம் வாளியை இறக்கினேன். கல்லுக்கிடையிலிருந்து அந்தத் தழும்புத் தலை வந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு தனியே சிரித்தேன். குசினிக்கு ஓடிப்போய் எனக்கென்று வைத்திருந்த மீன் துண்டைக் கொண்டுவந்து போட்டேன். அது தின்று முடித்த பிறகுதான் மனைவியின் ஞாபகம் வந்தது.

மறைத்திருக்கலாம். மறைத்தால் அவள் வந்து முதல் வாளி அள்ளும்போதே குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே உள்ளதை எழுதினேன். அவள் அதற்குக் கோபிக்கவில்லை. 'அப்படியென்றால் இன்னும் கொஞ்சக் காலம் பொறுப்போம்' என்று பெருந்தன்மையாக எழுதியிருந்தாள். எனக்காக அவள் மனதை அடக்கிக்கொண்டு எழுதியிருக்கிறாள் என்று நினைத்து நான் கலங்கினேன்.

காக்காவுக்கு இது பெரிய பகிடியாகிவிட்டது. "பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுற விலாங்கெண்டு சொல்லுவாங்க. கிணத்துல கிடக்கிறது இல்ல, நீங்கதான் விலாங்கு. பொஞ்சாதிக்குத் துரத்துறன் எண்டு எழுதுறீங்க, பின்னேரத்துல சோறு போடுறீங்க" என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. ஒரு வருஷம் அப்படித்தான் ஓடியது. சித்திரை லீவுக்கு நான் யாழ்ப்பாணம் போனேன், ஏழு நாள் நின்றேன். அவளுடைய வீட்டில் எல்லாரும் என்னிடம் கேட்ட முதற் கேள்வி, "அது இன்னும் கிடக்கோ?" என்பதுதான். அவளுடைய அம்மா, அயல் வீட்டுக்காரர், பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் எல்லாருக்கும் என் கிணறு தெரிந்திருந்தது. என்னை வழியனுப்ப வந்தபோது அவள், ஆவணி லீவுக்கு முன்னம் அது போய்விட்டால் லீவில் ஒருக்கால் வந்து வீட்டைப் பார்ப்பதாகச் சொன்னாள். வஸ் ஏறியதிலிருந்து அந்த ஒரு சொல்லைத்தான் உருப்போட்டுக்கொண்டு வந்தேன்.

ஆனி மாதம் மழை இல்லாமல் தண்ணீர் இறங்கியிருந்த நேரம் பார்த்து, நான் லீவு போட, காக்காவும் எனக்காக அந்தக் கிழமை வீட்டுக்குப் போகாமல் நிற்க, ஒரு சனிக்கிழமை இருவருமாகக் கிணற்றை இறைத்தோம். காலையில் தொடங்கி மதியம் திரும்ப அடி தெரிந்தது. கருங்கல்லில் மேற்குப் பக்கமாக ஒரு வெடிப்பு, இரண்டு கை நுழையக் கூடிய அகலம். அதற்குள்ளிருந்து தண்ணீர் வழிந்தது. விலாங்கு அதன் வாயில் பாதி உடம்போடு கிடந்தது. காக்கா பானையைக் கீழே இறக்கினார். நான் அதைத் தூக்கிப் பானைக்குள் விட்டேன். முன்னையைவிடப் பாரமாக இருந்தது. வயிறு தகரம் மாதிரி வெளுத்திருந்தது. இரண்டு கிழமையாகப் போட்ட சோற்றையும் தொடவில்லை. அதற்கு என்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

பானையோடு பொந்துக்குப் போய் அதை விட்டுவிட்டு வந்தேன். வந்து, ஒளித்து வைத்திருந்த அரை மூட்டைச் சீமெந்தை எடுத்தேன்.

காக்கா கிணற்றுக் கட்டில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். "என்ன செய்யப் போறீங்க?"

"வாசலை அடைக்கப் போறன்."

"கிளாக்கர், இந்தக் கிணத்துக்கு ஒரு கண்தான்."

அப்போது நான் ஒரு பிரசங்கம் செய்தேன். எங்கள் ஊரில் கிணறு வெட்டினால் சுண்ணாம்புக்கல்லின் எல்லாப் பக்கத்தாலும் தண்ணீர் கசியும், ஒரு கண்ணை அடைத்தால் பத்துக் கண் திறக்கும், தண்ணீரைத் தடுக்க ஒருவராலும் ஏலாது, நான் சின்ன வயதிலேயே எத்தனை கிணறு பார்த்தவன் என்றெல்லாம் சொன்னேன். கருங்கல் வேறு, சுண்ணாம்புக்கல் வேறு என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல. அன்றைக்கு அது என் மண்டையில் ஏறவில்லை. காக்கா கடைசியாக, "உங்கட பொஞ்சாதி வரட்டும். அதுக்குப் பிறகு தண்ணியைப் பாப்போம்" என்று சொல்லிவிட்டுத் தானும் இறங்கி எனக்குக் கல் எடுத்துத் தந்தார். அந்தக் கிணறு அவருடையதும் என்பதை அவர் சொல்லவில்லை. நான் நினைத்துப் பார்க்கவும் இல்லை. வெடிப்புக்குள் கல்லை இறுக்கிச் சீமெந்து பூசினோம். சீமெந்து காயும் முன்னமே நான் தபாற்கந்தோருக்குச் சைக்கிளில் போய்விட்டேன். 'விலாங்கு போய்விட்டது. இனி எந்தக் காலமும் வராது. நீர் பயப்படாமல் வாரும்' என்பதுதான் கடிதம்.

மறுநாள் காலையில் கிணற்றில் கால் நனைகிற அளவு தண்ணீர் நின்றது. ஊறும், அவசரப்படக்கூடாது என்றேன். மூன்றாம் நாள் அதுவும் இல்லை. ஈரக் கல்லில் ஒரு தவளை மட்டும் உட்கார்ந்திருந்தது. பத்துக் கண்ணில் ஒரு கண்ணும் திறக்கவில்லை. உள்ளதும் போச்சுதடா நொள்ளைக் கண்ணா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

சீமெந்தை உடைத்திருக்கலாம். அரை மணி நேர வேலை. உடைத்தால் அது திரும்பி வரும். அது வந்தால் அவள் வரமாட்டாள். ஆகவே நான் தண்ணீர் சுமந்தேன். மேல் வீதியில் ஒரு பைப் இருந்தது. காலையில் கந்தோருக்கு முன்னம் இரண்டு வாளி, பின்னேரம் இரண்டு வாளி, சைக்கிள் கைபிடியில் ஒவ்வொரு பக்கமும் ஒன்றாக. ஒரு நடை எனக்கு, ஒரு நடை காக்காவுக்கு. அவர் வேண்டாமென்றார், நான் விடவில்லை. பைப்படியில் பெண்கள் எனக்கு வழிவிட்டுச் சிரித்தார்கள். இரண்டு கிழமையில் என் காற்சட்டையின் முழங்கால் இரண்டும் வாளி உரசி வெளுத்துப்போயிற்று. காக்கா ஒரு நாள்கூட முகம் கோணவில்லை. வெள்ளிக்கிழமை கிண்ணியாவுக்குப் போனால் குளித்துவிட்டு வருவார். எனக்கு அந்த வழியும் இல்லை.

ஆவணி லீவு தொடங்கியது. மற்றத் தலையணைக்குப் புது உறை வாங்கிப் போட்டேன். யாழ்ப்பாண வஸ் வருகிற நேரம் தெரியும் என்பதால் கந்தோர் விட்டதும் அந்தப் பக்கமாகச் சைக்கிளைத் திருப்பினேன். வருகிறேன் என்று அவள் எழுதவில்லைத்தான். சில வேளை சொல்லாமல் வந்து நிற்பாளோ என்று ஒரு நப்பாசை. இறங்கியவர்கள் எல்லாரும் போய், கொண்டக்டர் கடைசியாக இறங்கித் தேத்தண்ணிக் கடைக்குப் போகும்வரை நிற்பேன். பிறகு பைப்படிக்குப் போவேன். லீவு முடிந்தது. கடிதமும் இல்லை, ஆளும் இல்லை.

அந்த நாட்களில் ஒருநாள், தேயிலை ஏற்ற வந்த ஐரோப்பியக் கப்பல் ஒன்றின் எஞ்சினியர் ஒரு கையொப்பத்துக்காக என் மேசைக்கு முன்னால் கதிரையில் காத்திருந்தார். வயதானவர். கையொப்பம் வைக்கிற எங்கள் கந்தோர்ப் பெரியவர் வர நேரமாகும் போலிருந்தது. சும்மா இருக்காமல் என் விலாங்குக் கதையை எனக்குத் தெரிந்த இங்கிலீசில் அவருக்குச் சொன்னேன். யாருக்காவது சொல்லவேண்டும் போல இருந்தது. அவர் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். தன் ஊரும் கடற்கரைதானாம், சுண்ணாம்புக்கல் நிலமாம். ஓர் ஓடை ஓரிடத்தில் நிலத்துக்குள் இறங்கி, கடலோரத்தில் ஒரு குகைக்குள்ளால் வெளியே வருமாம். அந்த இருட்டுக்குள் விலாங்குகள் வருஷக் கணக்காகக் கிடக்குமாம். பிறகு ஒரு காலத்தில் சாப்பாட்டை விட்டுவிடுமாம், வயிறு வெள்ளி நிறமாகுமாம், கண் பெருக்குமாம். ஒரு நாள் புறப்பட்டுக் கடலுக்குப் போய்விடுமாம். எங்கே போகிறதென்று ஊரில் ஒருவரும் கண்டதில்லையாம். போனது திரும்பி வருவதும் இல்லையாம்.

உன்னுடையதன் வயிறு என்ன நிறம் என்று அவர் கேட்டார். நான் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, நீ அடைக்காமல் விட்டிருந்தாலும் அது போயிருக்கும் என்றார்.

அன்று பின்னேரம் தண்ணீர் சுமக்கும்போது வாளி எனக்கு இரண்டு மடங்கு பாரமாக இருந்தது. தானாகப் போகவிருந்த ஒன்றைத் துரத்துவதற்காக ஒரு கிணற்றைக் கொன்று, ஒரு நல்ல மனிதரைத் தண்ணீருக்குத் தவிக்க விட்டிருக்கிறேன். அப்படியும் சீமெந்தை உடைக்கவில்லை. அவருடையது ஐரோப்பா விலாங்கு, எங்களுடையது வேறு சாதியாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அவள் இனி அடுத்த லீவுக்கு வரக்கூடும்.

ஐப்பசி முதல் மழை பெய்த அன்று கடிதம் வந்தது. விறாந்தையில் நின்று உடைத்தேன். ஒரே ஒரு பக்கம்.

'உங்கள் கடிதம் கிடைத்து நெடுநாள். பதில் எழுதப் பலமுறை உட்கார்ந்து எழுதாமல் விட்டேன். உங்களில் ஒரு குறையும் இல்லை. இதை நீங்கள் நம்பவேண்டும். எனக்கு என் பள்ளிக்கூடமும் இந்த வீடும் என் அறையும் பிடித்திருக்கின்றன. வேறு எங்கேயும் வந்து வேறொருவருடைய வீட்டில் வாழ்க்கையைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. அம்மாவும் மற்றவர்களும் ஏன் புருஷனிடம் போகவில்லை என்று கேட்கும்போதெல்லாம் கிணற்றில் விலாங்கு என்று சொல்லி வந்தேன். எல்லாரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். இப்போது அது போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இனி நான் எதைச் சொல்வது?'

அதை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. முதலில் கோபம் வந்தது. ஒன்றரை வருஷம் என்னை ஏமாற்றினாளே என்று கத்தவேண்டும் போல இருந்தது, கத்தத்தான் அங்கே ஆள் இல்லை. கோபம் போனபிறகு மிஞ்சியது கோபத்தைவிட மோசமானதாக இருந்தது. நான் அந்தப் பிராணியைத் தகரத்திலும் பானையிலும் கொண்டு திரிந்தது, கண்ணை அடைத்தது, தண்ணீர் சுமந்தது எல்லாம் அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு தடை இருக்கிறது என்று நினைத்துத்தான். தடை ஒன்றும் இருக்கவில்லை. அவளுக்கு என்னோடு வந்து இருக்க விருப்பமில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு நான் அழுதேன்.

அடுத்த நாள் கந்தோருக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, இரும்பு அலவாங்கோடு கிணற்றுக்குள் இறங்கினேன். சீமெந்து நல்ல இறுக்கமாகப் பிடித்திருந்தது. நாங்கள் வேலையைத் திறமாகத்தான் செய்திருக்கிறோம். பத்துப் பதினைந்து குத்தில் ஒரு துண்டு பெயர்ந்தது. பிறகு கல்லைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது. சேறும் மண்ணுமாக வந்து, முழங்காலுக்கு ஏறும்போது தெளிந்தது. காக்கா வேலையால் வந்தபோது வாளி தாழுகிற அளவு நின்றது.

அவர் எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "பொஞ்சாதி வாறாவா?"

"இல்லை காக்கா. அவ வரமாட்டா."

அவர் கயிற்றை எடுத்து ஒரு வாளி அள்ளி என் தலையில் ஊற்றினார். பிறகு இன்னொன்று. நான் உடுப்போடு நின்றேன்.

அதன்பிறகு ஒரு மாதம் ஒவ்வொரு பின்னேரமும் சோறு போட்டுப் பார்த்தேன். பொந்துக்கும் இரண்டு முறை போனேன். மழைத் தண்ணீர் அந்த வெடிப்பால் பெரிய சத்தத்தோடு வந்துகொண்டிருந்தது. விலாங்கு வரவில்லை. எஞ்சினியர் சொன்னபடி கடலுக்குப் போயிருக்கலாம். அடைத்த வாசலில் முட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கவும் கூடும்.

அவளுடைய கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் அதை அலுமாரிக்குள் வைத்திருந்தேன். கோபமாக இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். கெஞ்சி ஒன்று எழுதி அதையும் கிழித்தேன். ஆனால் 'இனி நான் எதைச் சொல்வது?' என்ற வரி மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. பாவம், அவளுக்கு அந்த வீட்டில் எல்லார் வாயையும் அடைக்க ஒன்று தேவையாக இருந்தது. எனக்கும், கந்தோரில் கேட்பவர்களுக்குச் சொல்ல ஒன்று வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினேன்.

'விலாங்கு திரும்பி வந்துவிட்டது. தலையில் தழும்பு அப்படியே இருக்கிறது. எவ்வளவு பாடுபட்டும் அதை அப்புறப்படுத்த ஏலாது போலிருக்கிறது. ஆகவே நீர் இப்போது வரவேண்டாம். வீட்டில் கேட்டால் நான் இப்படி எழுதியதாகச் சொல்லும்.'

ஐந்தாம் நாளே பதில் வந்தது. அவ்வளவு விரைவாக அவள் எழுதியதே இல்லை. நாலு பக்கம். பள்ளிக்கூடத்தில் நடந்த கூத்துகள், அவள் வளர்க்கும் கறிவேப்பிலைக் கன்று, அம்மாவின் முழங்கால் வலி என்று எல்லாம் இருந்தன. எனக்கு அவள் எழுதியவற்றில் முதல் சந்தோஷமான கடிதம் அதுதான். கடைசி வரியில், 'அதற்குச் சோறு போட மறக்காதீர்கள்' என்று எழுதியிருந்தாள்.

மறக்கவில்லை என்று நான் பதில் எழுதினேன். அதற்குப் பிறகு பதினாறு வருஷம், நான் திருகோணமலையை விட்டுப் போகும்வரை, அவள் ஒவ்வொரு கடிதத்திலும் விலாங்கு சுகமா என்று கேட்டாள். சுகம் என்று நானும் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினேன்.